மாமாவோட டுரியான் மரமும் பத்துமலை வவ்வாலும்

மாமா வவ்வாலை வெரட்ட பிஸ்கட் டின்னைத் தட்ட ஆரம்பிச்சப்போ மணி ஏழே முக்கால் இருக்கும். பழைய சதுர டின், மூடி எங்கயோ போயிடுச்சு, ஒரு ஸ்பேனரை வச்சு டங்கு டங்குன்னு அடிக்கிறாரு, மேல மரத்துல ஏதோ படபடன்னு சத்தம், ரெண்டு பூ என் மடியில விழுது. “பாத்தியா பாப்பா, பாத்தியா, தின்னுட்டுப் போவுது பாரு சனியன்”னு கத்துறாரு. நான் எதைப் பாக்குறது, ஒரே இருட்டு, கொசுவத்திச் சுருளோட நுனி மட்டும்தான் செவப்பா தெரிஞ்சுது.

இது பினாங்குல, பாலிக் பூலாவ்ல மலைச்சரிவுல இருக்கிற ஒரு துசுன். டுரியான் தோப்பை இங்க எல்லாரும் துசுன்னுதான் சொல்லுவோம். தௌக்கே, அதாவது தோப்பு முதலாளி, ஜார்ஜ்டவுன்ல இருக்காரு, மாசத்துக்கு ஒரு தடவை காடி எடுத்துக்கிட்டு வந்து மேலயும் கீழயும் பாத்துட்டுப் போயிடுவாரு. மாமான்னா அம்மாவோட கடைசித் தம்பி, பாக்டரியில ரிட்டயர் ஆனதும் இங்க காவலுக்கு வந்தவரு, ஆறு வருஷம் ஆச்சு, இப்ப எந்த மரம் எப்ப பூக்கும் எந்த மரம் சண்டித்தனம் பண்ணும்னு தௌக்கேயை விட அவருக்குத்தான் நல்லா தெரியும். ஆங் ஹேங்கிற ரகம் நாலு மரம், ஓர் லோர் ரகம் ரெண்டு, மிச்சமெல்லாம் கம்போங் டுரியான், நாட்டு ரகம். ஜூன் மாசம் பழம் விழ ஆரம்பிச்சா சரிவுல உருண்டு ஓடிடாம இருக்க மரத்துக்குக் கீழ வலை கட்டுவாங்க. அது பழத்துக்குக் கட்டுற வலை. அன்னிக்கு மாமா கையில வச்சிருந்தது வேற வலை, மெல்லிசா, மீன் வலை மாதிரி, பூக்கிற கிளைக்கு மேல போத்துறதுக்கு. வவ்வாலுக்காக வாங்கினதாம். டின்னு வேலைக்கு ஆகலைன்னா அடுத்தது இதுதான்னு சொல்லி வச்சிருந்தாரு.

டுரியான் பழத்தைத் தெரியாதவங்க இந்த ஊர்ல கிடையாது, ஆனா பூவைப் பாத்தவங்க ரொம்பக் கம்மி. கிளையோட அடிப்பக்கமா கொத்துக் கொத்தா தொங்கும், சாயங்காலம் நாலு அஞ்சு மணிக்கு மேலதான் வாயத் தொறக்கும், பொழுது சாஞ்சதும் லேசா புளிச்ச பால் மாதிரி ஒரு வாசனை வரும், ராத்திரியில தேன் சொரக்கும், விடியறதுக்குள்ள இதழு, உள்ள இருக்கிற நூல் நூலான தண்டு எல்லாம் உதிந்து மரத்தடியில பாய் விரிச்ச மாதிரி கெடக்கும். பாசார் மாலம் மாதிரிதான், ராத்திரி கடை போட்டு ராத்திரியே கட்டிட்டுப் போயிடும். காலையில அந்தக் குப்பையைக் கூட்டுறது மாமா வேலை, அதனால அவருக்குக் கோவம். அவருக்கு அந்தக் குப்பைதான் சாட்சி, பூராத்தையும் வவ்வால் கடிச்சுப் போட்டுட்டுப் போயிருக்குன்னு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். வவ்வால் வந்தாலும் அது உதிரும், வராட்டியும் உதிரும்.

“மாமா, அது பூவைத் தின்ன வரல, தேன் குடிக்க வருது, அது வராட்டி உங்க ஆங் ஹே காய்க்காது”ன்னு சொன்னேன்.

“யாரு சொன்னா?”

“ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க மாமா.”

“அவங்க துசுன் வச்சிருக்காங்களா?”

இதுக்கு என்னத்த பதில் சொல்றது, சும்மா இருந்துட்டேன். ஆனா உண்மையிலேயே பண்ணியிருக்காங்க. ஷீமா அப்துல் அசிஸ்னு மலேசியப் பொண்ணு ஒருத்தங்க, அவங்களோட ஒரு குழு, தியோமான் தீவுல டுரியான் மரத்து உச்சியில கேமரா கட்டி வச்சு ராத்திரி பூரா யாரு வர்றா என்ன பண்றான்னு படம் புடிச்சாங்க, 2017-ல அது வெளிவந்துச்சு. வந்தது கெலுவாங், பெரிய பழந்தின்னி வவ்வால். பூவைக் கடிச்சுக் கொதறாம தேனை நக்கிட்டு மூஞ்சி பூரா மகரந்தத்தைப் பூசிக்கிட்டு அடுத்த மரத்துக்குப் போறது கேமராவுல பதிவாயிருக்கு. டுரியான்ல பெரும்பாலான ரகத்துக்குத் தன் மரத்து மகரந்தம் சரியா ஒட்டாது, வேற மரத்துல இருந்து வந்தாத்தான் காய் நல்லா புடிக்கும். தேனீயும் அந்துப்பூச்சியும் கொஞ்சம் வரும்தான், ஆனா ராத்திரியில பூக்கிற பூவுக்கு முக்கியமான தரகர் வவ்வால்தான். பாலிக் பூலாவ்ல நான் அன்னிக்குப் பாத்தது, அதாவது பாக்காதது, கெலுவாங் இல்லன்னு நெனக்கிறேன், சத்தம் சின்னதா இருந்துச்சு. கோழிமுட்டை எடைதான் இருக்கும், நாக்கு மட்டும் நீளமா, குகையில வாழுற ஒரு ஜாதி இருக்கு, தேன் குடிக்கிற வவ்வால். அதுவாத்தான் இருக்கணும்.

அந்தக் குகை வவ்வாலைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

தைப்பூசத்துக்கு 272 படி ஏறி பத்துமலை குகைக்குள்ள நிக்கிறப்போ மேல இருந்து ஒரு நெடி வருமே, கற்பூரத்தையும் தாண்டி, அது வவ்வால் எச்சம். சின்ன வயசுல மூக்கைப் புடிச்சுக்கிட்டு அம்மாகிட்ட அடி வாங்கியிருக்கேன், சாமி எடத்துல மூக்கைப் புடிக்கலாமான்னு. 1970கள்ல ஸ்டார்ட், மார்ஷல்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இந்தத் தேன் வவ்வாலுங்க பத்துமலையில இருந்து ராத்திரி எங்க போய்ச் சாப்புட்டுட்டு வருதுன்னு தேடியிருக்காங்க. சிலது 38 கிலோமீட்டர் தள்ளி கடலோரப் பாக்காவ் காட்டுக்கு, அதாவது சேத்துல வளர்ற அலையாத்திக் காட்டுக்குப் போயிட்டு வருதாம், ராத்திரியோட ராத்திரி. அங்க பெரெம்பாங்னு ஒரு மரம், கோலா சிலாங்கூர்ல மின்மினிப்பூச்சி பாக்கப் படகுல போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பூச்சி மினுக்கு மினுக்குன்னு உக்காந்திருக்கிறது அந்த மரத்துலதான். அதோட பூவும் ராத்திரிப் பூதான், சவரம் பண்ற பிரஷ் மாதிரி இருக்கும். டுரியான் வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவைதான் பூக்குது, மத்த நாள் இந்த வவ்வாலுக்குச் சோறு வேணாமா? பெரெம்பாங் வருஷம் பூரா கொஞ்சங்கொஞ்சமா பூத்துக்கிட்டே இருக்கும், அதான் அதோட மளிகைக்கடை. காட்டு வாழையும் பெத்தாயும் இருக்கு. ஆமா, சம்பல்ல போட்டுச் சாப்புடுற அதே பெத்தாய், அதையும் காய்க்க வைக்கிறது இந்த வவ்வால்தான்.

ஆக கடலோரத்துல பாக்காவ் காட்டை வெட்டி எறால் பண்ணை வச்சா மலையில டுரியான் காய்ப்பு பாதிக்கலாம், மலையில சுண்ணாம்புக் குகையை ஒடச்சா கடலோரத்துல பெரெம்பாங் விதை கொறையலாம். இந்த ரெண்டையும் முடிச்சுப் போடுற கயிறு ஒரு கோழிமுட்டை எடை.

இதுக்கும் பருவநிலை மாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்னா, பாக்காவ் காட்டுச் சேத்துலதான் சம்பந்தம் இருக்கு. 2011-ல வந்த ஒரு ஆய்வுல இந்தோ-பசிபிக் பகுதியில பல நாட்டுப் பாக்காவ் காட்டை அளந்து பாத்ததுல ஒரு ஹெக்டேருக்குச் சராசரியா 1,023 டன் கார்பன் இருந்துச்சாம். அதுல பெரும்பங்கு மரத்துல இல்ல, கீழ கறுப்பா நாத்தம் புடிச்ச சேத்துக்குள்ள. காத்தே புகாத சேறு, அதனால விழுந்த இலையும் வேரும் மக்குறதுக்கு ரொம்ப காலம் ஆகும், கார்பன் அப்படியே பூட்டிக் கெடக்கும். நம்ம நாட்டு மழைக்காட்டைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, இந்தச் சேத்தைப் பத்தி பேச ஆள் கம்மி, போட்டோவுல அழகா இருக்காதுல்ல.

எனக்கு இந்தச் சேத்தோட நேரடிப் பழக்கம் உண்டு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க கம்பெனியில (பேரு வேணாம், மாசாமாசம் சம்பளம் வாங்கணும்) ஒரு சனிக்கிழமை எல்லாரையும் பஸ்ல ஏத்தி செபராங் பிறை கடலோரத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க, மரம் நட. பச்சை டீ ஷர்ட்டு, நெஞ்சுல லோகோ, காலையில நாசி லெமாக் பொட்டலம். நட்டது பாக்காவ் நாத்து, கேரட்டு மாதிரி நீளமா இருக்கும், சேத்துல குத்தி விட்டா போதும்னாங்க. நேர்கோட்டுல நட்டோம், கயிறு கட்டி, ஏன்னா மேல ட்ரோன் பறந்துச்சு. என்னோட ஒரு பூட்ஸ் சேத்துக்குள்ளயே போயிடுச்சு, இன்னும் அங்கதான் இருக்கும், கார்பனோட கார்பனா. எட்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை நானும் என் பிரண்டும் மோட்டார்ல போய்ப் பாத்தோம். எங்க வரிசையில நின்னது பதினொண்ணு. மிச்சம் அலை அடிச்சிட்டுப் போயிடுச்சு, நின்னதுலயும் சிலதுல சிப்பி ஒட்டிக்கிட்டு தலை சாஞ்சு கெடந்துச்சு. அங்க வலை பிரிச்சுக்கிட்டு இருந்த ஒரு மலாய்க்கார பாக் சிக் சிரிச்சாரு, இங்க தண்ணி ஆழம், இங்க நட்டா நிக்காது, யாராச்சும் எங்களைக் கேட்டீங்களான்னாரு. பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்துக்காரங்க 1990கள்ல இருந்தே பாக்காவ் நட்டுக்கிட்டு இருக்காங்க, எந்தச் சேத்துல எது நிக்கும்னு அவங்களுக்குத் தெரியும், கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க.

எங்க வரிசைக்குப் பத்தடி தள்ளி, யாரும் நடாத ஒரு பெரெம்பாங் கன்னு இடுப்பு உயரத்துக்கு நின்னுச்சு. அதைத்தான் நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். எந்தத் தாய்மரத்துலயோ ஒரு ராத்திரி ஒரு வவ்வால் மூஞ்சியைத் தேச்சிருக்கு, காய் புடிச்சு, தண்ணியில மெதந்து வந்து விதை ஒதுங்கியிருக்கு. கீழ சின்னச் சின்ன நண்டு, ஒண்ணு பழுத்த இலையைக் கவ்விக்கிட்டு பொந்துக்குள்ள இழுக்குது, இலை பெருசு பொந்து சின்னது, உள்ள போகல, திருப்பிப் பாக்குது, மடிக்குது, மறுபடி இழுக்குது, கடைசியில உள்ள போயிடுச்சு. அந்த நண்டு இழுக்காட்டி அந்த இலை அலையோட போயிருக்கும். இப்ப சேத்துக்குள்ள. எங்க கம்பெனி ரிப்போர்ட்டுல எத்தன மரம் நட்டோம்னு போட்டோவோட வந்துச்சு, எத்தன நின்னுச்சுன்னு வரல, நண்டைப் பத்தி ஒரு வரி கூட கிடையாது.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து தேடிப் படிக்க ஆரம்பிச்சதுதான் இவ்வளவும். எனக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு இல்லை, 2017 நவம்பர் 4-ஆம் தேதி ராத்திரி பெஞ்ச மழையில எங்க வீட்டுக்குள்ள இடுப்பு மட்டும் தண்ணி, பாட்டியை அலமாரி மேல உக்கார வச்சோம், அந்த வெள்ளத்துல பினாங்குல ஏழு பேரு செத்தாங்க. அப்பலேர்ந்து மழை வலுத்துச்சுன்னா அம்மா தூங்க மாட்டாங்க.

யேல் பல்கலைக்கழகத்துல ஓஸ்வால்ட் ஷ்மிட்ஸ்னு ஒரு விஞ்ஞானி, அவரும் வேற சிலரும் சேந்து 2023-ல ஒரு கணக்கு போட்டாங்க. கடல் மீனு, திமிங்கிலம், சுறா, ஓநாய், ஆப்பிரிக்கக் காட்டு யானை, அமெரிக்கக் காட்டெருமை, கடல் நீர்நாய், வில்டபீஸ்ட்ங்கிற ஆப்பிரிக்க மான், கஸ்தூரி மாடு, இந்த ஒம்போதையும் காப்பாத்தி, கொறஞ்ச எடத்துல பெருக விட்டா வருஷத்துக்கு 641 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு காத்துல இருந்து எறங்கும்னு. பெரிய நம்பர்தான். மிருகத்தோட உடம்புக்குள்ள இருக்கிற கார்பன் ஒரு பொருட்டே இல்ல, அது நடந்து, தின்னு, பேண்டு, மிதிச்சு, பயமுறுத்தி மத்ததை மாத்துற விதத்துலதான் விஷயம் இருக்கு. ஆப்பிரிக்காவுல செரங்கெட்டி புல்வெளியைச் சொல்லுவாங்க, அங்க மாட்டுக்கு வர்ற கோமாரி மாதிரி ஒரு கொள்ளைநோய் பரவி வில்டபீஸ்ட் மூணு லட்சமா கொறஞ்சு போச்சு, மேய ஆளில்லாம புல்லு வளந்து காஞ்சு வருஷாவருஷம் காட்டுத்தீ. அப்புறம் சுத்துப்பட்டு மாடுங்களுக்குத் தடுப்பூசி போட்டு நோயை அடக்கினதும் அது பத்து லட்சத்துக்கு மேல பெருகிடுச்சு, புல்லைத் தின்னுச்சு, சாணி மண்ணுக்குள்ள போச்சு, தீ கொறஞ்சுது, கார்பனை வெளிய விட்டுக்கிட்டு இருந்த பூமி உள்ள இழுக்க ஆரம்பிச்சுது. மாட்டுக்குப் போட்ட ஊசி.

திமிங்கிலத்துக்கு வெலை போட்ட கதையும் உண்டு, 2019-ல சர்வதேச நாணய நிதியத்துக்காரங்க ஒரு பெரிய திமிங்கிலம் 20 லட்சம் டாலருக்கு மேல பெறும்னு எழுதினாங்க. எனக்கு அது புடிக்கல. வெலை போட்டாத்தான் மதிப்பாங்கன்னு ஒரு நியாயம் இருக்கலாம், ஆனா வெலை போட்டதை விக்கவும் செய்வாங்கல்ல.

யானைக்கு வருவோம், அது நமக்குப் பக்கத்து வீட்டுக்காரரு. பினாங்குல இருந்து கிளந்தான் போறவங்க கெரிக் தாண்டி அந்தக் காட்டு ரோட்டுலதான் போகணும். 2025 மே மாசம், அன்னையர் தினத்தன்னிக்கு, அந்த ரோட்டுல ஒரு குட்டி யானை லாரியில அடிபட்டுச் செத்து லாரிக்கு அடியில கெடக்க, தாய் யானை நகராம தலையை லாரி மேல முட்டிக்கிட்டு நின்ன வீடியோவை எத்தன பேரு வாட்ஸ்அப்புல அனுப்புனீங்க. எங்க குடும்ப குரூப்புல மட்டும் நாலு தடவை வந்துச்சு. அழுதோம், அழுத ஸ்டிக்கர் போட்டோம், அதுக்குக் கீழயே யாரோ குட் நைட் முருகன் படம் போட்டாங்க. யானை என்ன வேலை பாக்குதுன்னு யாரும் பேசல. காங்கோ பக்கத்துக் காட்டு யானைங்களை வச்சு 2019-ல ஒரு ஆய்வு வந்துச்சு, யானை சின்னதா, கட்டை கெட்டியில்லாம இருக்கிற மரக்கன்னைத் தின்னும் மிதிக்கும், அதனால எடம் கெடச்சு கெட்டி மரம், நிதானமா வளர்ற கனத்த மரம் பெருகும், யானை பூராவும் போயிட்டா அந்தக் காட்டுல தரைக்கு மேல இருக்கிற கார்பன் 7 சதவீதம் கொறையும்னு. யானை காடு பூரா களை எடுக்குது, சம்பளமில்லாம.

நம்ம தீபகற்பத்து யானைக்கும் இதே கணக்கான்னா, அப்படியே ஒட்டாது. இது மூங்கிலும் புல்லும் பனையுமா தின்னுற ஆளு, காட்டு ஓரத்தைத்தான் ரொம்ப விரும்பும். இன்னொண்ணும் இருக்கு, இதை நான் மறைக்க விரும்பல. பிரேசில்ல 2015-ல ஒரு ஆய்வு, காட்டுல பெரிய பறவையையும் குரங்கையும் வேட்டையாடித் தீத்துட்டா பெரிய கொட்டை இருக்கிற மரங்களைப் பரப்ப ஆளில்லாம போயிடும், பெரிய கொட்டை மரம்தான் பெரும்பாலும் கெட்டிக் கட்டை, அதனால நாளாக நாளாக காட்டோட கார்பன் கொறையும்னு. படிக்கிறப்போ இருவாச்சிப் பறவைதான் ஞாபகம் வந்துச்சு, மலேசியாவுல பத்து வகை இருக்கு, தொண்டைக்குள்ள முழுக்கொட்டையை அடக்கிக்கிட்டு மைல் கணக்குல பறக்குற ஆளு. உடனே பேஸ்புக்குல பொங்கி எழுதலாம்னு இருந்தேன். நல்லவேளை மறுநாள் 2016 ஆய்வு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அதுல உலகம் பூரா ஒப்பிட்டுப் பாத்துட்டு தென்கிழக்காசியாவுல அந்த இழப்பு ரொம்பக் கம்மின்னு சொல்லியிருந்தாங்க. காரணம் யோசிச்சா புரியும், நம்ம காட்டுல பெரிய மரம்னா மெராந்தி வகை, அதோட விதைக்கு ரெக்கை, காத்துல சுத்திக்கிட்டு எறங்கும், சின்ன வயசுல பொறுக்கி ஹெலிகாப்டர்னு விளையாடுவோமே அதே. அதுக்கு இருவாச்சி தேவையில்ல.

அப்ப இருவாச்சியைச் சுட்டுத் தின்னலாமான்னு கேக்காதீங்க. கணக்கு ஊருக்கு ஊரு மாறும்னு சொல்றேன், அவ்வளவுதான். ஆப்பிரிக்காவுல யானை செய்யறதை இங்க வவ்வாலும் நண்டும் செய்யலாம். வெட்டிப் போட்ட காட்டுல மறுபடி முதல்ல வந்து விதை போடுறது எது? சின்னப் பழந்தின்னி வவ்வாலும் புல்புல் குருவியும்தான், அத்தி விதையை எச்சத்துல போட்டுக்கிட்டே பறக்கும்.

மிருகம்னாலே காட்டுக்கு நல்லதுன்னும் கெடையாது. அப்பா சுங்கைப்பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்தவரு, காட்டுப்பன்னி குட்டி போடுறதுக்குக் கூடு கட்டும்னு அடிக்கடி சொல்லுவாரு, பன்னி கூடு கட்டுமான்னு நாங்க சிரிப்போம். கட்டுது. சின்னச் சின்ன மரக்கன்னா நூத்துக்கணக்குல கடிச்சு ஒடிச்சு குவிச்சு அதுக்குள்ள படுக்கும். நெகிரி செம்பிலான்ல பாசோ காட்டுல 24 வருஷ கணக்கு எடுத்துப் பாத்திருக்காங்க, சுத்தி இருக்கிற செம்பனைத் தோட்டத்துல விழுந்த பழத்தைத் தின்னு கொழுத்த பன்னி ராத்திரி காட்டுக்குள்ள வந்து கூடு கட்டிக் கட்டி மரக்கன்னு எண்ணிக்கை 62 சதவீதம் கொறஞ்சு போச்சு. செம்பனை காட்டுக்குள்ள போகவே இல்ல, பன்னி வயித்துல ஏறிப் போயிருக்கு. பன்னியை அடக்குறது புலியோட வேலை, அந்தப் புலி தீபகற்பத்துல இப்ப 150-க்கும் கம்மி. அப்பாகிட்ட இதைச் சொன்னப்போ “அதான் நாங்க வேட்டைக்குப் போவோம்”னாரு பெருமையா. அம்மா அடுப்படியில இருந்து “ஆமா, காட்டைக் காப்பாத்தத்தான் போனாரு”ன்னாங்க.

குரங்கைப் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா தண்ணீர்மலைக்குப் போற நாமதான் அதைக் கெடுத்து வச்சிருக்கோம். கோயிலுக்குப் பக்கத்துல பொட்டானிக்கல் கார்டன் பக்கம் காடி நிறுத்தினா போதும், தேங்காய் மூடி, வாழைப்பழம், ரொட்டின்னு எடுத்து நீட்டுறாங்க. இந்தக் குரங்கு பழத்தைக் கன்னத்துப் பையில அடைச்சுக்கிட்டு போய் எங்கயாச்சும் உக்காந்து தின்னு கொட்டையைத் துப்பும், அதுதான் அது காட்டுக்குக் குடுக்குற வாடகை. ரொட்டிக்கு ஏது கொட்டை? தெலுக் பாஹாங்ல ஒரு கூட்டம் இளைஞர்ங்க 2019-ல பழைய தீயணைப்புக் குழாயை வச்சு ரோட்டுக்கு மேல பாலம் கட்டினாங்க, லோத்தோங், அதாவது இலை தின்னுற குரங்கு, கீழ எறங்கி காடியில அடிபடாம மரத்துக்கு மரம் போறதுக்கு. செலவுன்னு பாத்தா நம்ம ட்ரோன் செலவை விடக் கம்மியா இருந்திருக்கும்னு என் யூகம்.

மாமாகிட்ட இந்தக் கதையில பாதியை அன்னிக்கு ராத்திரி சொன்னேன். யானை, வில்டபீஸ்ட் எல்லாம் நல்லா கேட்டாரு. வவ்வாலுக்கு வந்ததும் “நிப்பா?”ன்னாரு ஒரே வார்த்தையில. அது ஞாயமான கேள்வி. 1998, 99-ல நிப்பா வைரஸால நம்ம நாட்டுல 105 பேரு செத்தாங்க, லட்சக்கணக்குல பன்னியைக் கொன்னாங்க, ஊரே காலியாச்சு, மாமாவோட கூட்டாளி ஒருத்தரு பன்னிப் பண்ணையில வேலை பாத்தவரு தப்பிச்சு வந்தவரு. வைரஸ் கெலுவாங்கிட்ட இருந்து வந்ததுதான். ஆனா எப்படி வந்துச்சு, பன்னிக் கொட்டாய்க்குப் பக்கத்துலயே பழமரத்தை நட்டு வச்சாங்க, வவ்வால் வந்து தின்னு எச்சிப்பட்டதைக் கீழ போட்டுச்சு, பன்னி தின்னுச்சு. வவ்வால் நம்ம வீடு தேடி வரல. செத்த வவ்வாலையோ குத்துயிரா கெடக்குறதையோ கையில தொடாதீங்க, கடிச்ச பழத்தைத் தின்னாதீங்க, அது வேற. டின்னைத் தட்டி, கூட்டைக் கலைச்சு, அதைப் பதற வச்சு ஊரூரா ஓட விடுறதுல நோய் கொறையாது.

“சரி, இதெல்லாம் பண்ணா வெயில் கொறையுமா?”

கொறையாது மாமா. அதையும் சொல்லிட்டேன். நம்ம வீட்டு ஏர்கானுக்கு வர்ற கரண்ட்டுல ஒரு பெரிய பங்கு இன்னும் நிலக்கரியில இருந்துதான் வருது, கீழ பேராக்ல மஞ்சோங்ல எரிக்கிறாங்க. அந்தப் புகையை ஒரு வவ்வாலும் தின்னாது. யேல் கணக்குல சொன்ன 641 கோடி டன்னும் உலகம் வருஷத்துக்கு வெளிய விடுறதுல ஆறுல ஒரு பங்கு மாதிரிதான், அதுவும் எல்லா மிருகமும் பெருகி எல்லாம் ஒழுங்கா நடந்தா. அடுப்பை அணைக்காம ஜன்னலைத் தொறந்து வச்ச கதைதான். ஆனா ஜன்னலை ஆணி அடிச்சு மூடுறானே, அவனை என்ன சொல்றது? எனக்குக் கோவம் அங்கதான். ஒரு பக்கம் காசு குடுத்து நாத்து வாங்கி வரிசையா நடுறோம், இன்னொரு பக்கம் காசே வாங்காம நட்டுக்கிட்டு இருக்கிறதை வெடி வச்சு வெரட்டுறோம், ரெண்டும் ஒரே ஊர்ல, சில சமயம் ஒரே ஆளு.

மறுநாள் காலையில நான் கெளம்புறப்போ மாமா மரத்தடியைக் கூட்டிக்கிட்டு இருந்தாரு. என்ன நெனச்சாரோ, ஒரு பூவைக் கையில எடுத்து பிரிச்சுப் பாத்தாரு. உதிந்த பூவுல நடுவுல இருக்க வேண்டிய காம்பு, அதாவது பிஞ்சு, இல்ல. அது மேலயே இருக்கு. அண்ணாந்து பாத்தாரு, கிளையில பச்சையா குச்சி குச்சியா நின்னுச்சு, பல்லுக்குச்சி நுனியில பட்டாணி ஒட்டினாப்ல. ஒண்ணும் பேசல. தே ஓ போட்டுக் குடுத்தாரு, பசியாறிட்டுப் போன்னு நேத்து வாங்கின ரொட்டியை நீட்டுனாரு.

ஏப்ரல் கடைசியில போன் பண்ணேன். ஆங் ஹேல காய் எப்படி மாமான்னேன். போன வருஷத்தை விட இருக்கு, ஆனா இந்த வருஷம் மழை வேற தள்ளிப் போச்சுல்ல, எதனாலன்னு எப்படிச் சொல்றதுன்னாரு. அதுவும் சரிதான், ஒரு மரத்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வவ்வால் வலை என்னாச்சுன்னேன்.

“அது உள்ளதான் கெடக்கு. போத்தல.”

“டின்னு?”

“டின்னு இருக்கு பாப்பா. குரங்குக்கு வேணும்ல.”